லாஜிட்ஆர்: சிக்கனத்துக்கு மக்கள் கொடுக்கும் விலையை அளக்கும் இலவசக் கருவி, ஒரு மதிப்பாய்வு

மின்சாரம் குறைவாக இழுக்கும் குளிர்பதனப் பெட்டிக்கு எவ்வளவு கூடுதலாகக் கொடுப்பீர்கள் என்று நேராகக் கேட்டால், கேட்டவர் மனம் குளிரும்படி ஓர் எண்ணைச் சொல்லிவிட்டு ஆள் போய்விடுவார். அதை நம்பி விலை வைத்தால் சரக்கு தேங்கும். அதனால்தான் இரண்டு மூன்று பொருள்களை விலை, இயக்கச் செலவு, உத்தரவாதம் என்று அருகருகே வைத்து, 'இதில் எதை எடுப்பீர்கள்?' என்று மட்டும் கேட்கும் தேர்வுச் சோதனை முறை நிலைத்தது. பதிலளிப்பவர் எந்த எண்ணையும் சொல்வதில்லை. எதை விட்டுக்கொடுத்து எதை எடுத்தார் என்பதிலிருந்து எண்ணை நாம் பிரித்தெடுக்க வேண்டும். அந்தக் கணக்குக்கு அடித்தளம் பொருளாதார அறிஞர் டேனியல் மெக்ஃபேடன் 1970களில் வளர்த்தெடுத்த லாஜிட் மாதிரி, அதாவது காட்டிய பொருள்களில் ஒவ்வொன்றையும் ஒருவர் எடுக்கும் வாய்ப்பைக் கணிக்கும் கணித வடிவம். அதற்காக அவருக்கு 2000இல் பொருளாதார நோபல் கிடைத்தது.

லாஜிட்ஆர் இந்தப் பிரித்தெடுக்கும் வேலைக்கான பேக்கேஜ்; ஆர் என்ற புள்ளியியல் நிரல்மொழியில் இயங்கும். எழுதியவர் ஜான் பால் ஹெல்வெஸ்டன். ஆர் பேக்கேஜ்களின் இணையக் களஞ்சியமான கிரானிலிருந்து காசில்லாமல் இறக்கிக்கொள்ளலாம். எல்லோருக்கும் ஒரே விருப்பம் என்று கொள்ளும் மல்டிநாமியல் லாஜிட், ஆளுக்கு ஆள் விருப்பம் மாறும் என்று கொள்ளும் மிக்ஸ்டு லாஜிட் என்ற இரண்டு மாதிரிகளை மட்டுமே மதிப்பிடும். கேட்கும்போது குறைவாகத் தோன்றும். ஆனால் 'மக்கள் எவ்வளவு கொடுப்பார்கள்' என்பதே உங்கள் கேள்வி என்றால், இதைவிட நேர்வழியில் விடைக்குக் கொண்டுபோகும் இலவசக் கருவி எளிதில் அகப்படாது. காரணம் இதன் ஒரே ஒரு சிறப்பு: கெழுக்களை (ஒவ்வொரு பண்பும் தேர்வை எவ்வளவு இழுக்கிறது என்று சொல்லும் எண்களை) விருப்ப வடிவத்திலும் மதிப்பிடும், விலை வடிவத்திலும் மதிப்பிடும்.

இந்த வேறுபாடு புரியாமல் கருவியை எடை போட முடியாது. விருப்ப வடிவத்தில் ஒவ்வொரு பண்புக்கும் ஒரு பயன்பாட்டுக் கெழு, அதாவது அது தரும் மனநிறைவின் அளவு, கிடைக்கும். விலைக்கும் ஒன்று கிடைக்கும். பண்பின் கெழுவை விலையின் கெழுவால் வகுத்துக் குறியை மாற்றினால் கொடுக்க முன்வரும் விலை. எல்லோருக்கும் ஒரே கெழு என்று கொள்ளும் எளிய மாதிரியில் இதில் சிக்கல் ஏதுமில்லை. ஆளுக்கு ஆள் விருப்பம் மாறும் என்று மிக்ஸ்டு லாஜிட்டுக்குப் போனதும் தொல்லை ஆரம்பிக்கும். விலைக் கெழுவையும் இயல்நிலைப் பரவலில் (நடுவில் குவிந்து இருபுறமும் சரியும் மணி வடிவப் பரவல்) விட்டால், சிலருக்கு அது பூஜ்யத்தை ஒட்டி விழும். பூஜ்யத்தை ஒட்டிய எண்ணால் வகுத்தால் விடை வானத்துக்கு எகிறும். சராசரி என்று ஒன்றே இல்லாமல் போகும். பலர் விலைக் கெழுவை எல்லோருக்கும் ஒன்றாகப் பூட்டி வைத்துத் தப்பிக்கிறார்கள். விலையைப் பற்றி எல்லோரும் ஒரே அளவு கவலைப்படுகிறார்கள் என்று அதற்குப் பொருள். சம்பளம் வேறுபடும் மனிதர்களிடம் இதை எப்படி நம்புவது?

விலை வடிவத்தில் வகுத்தலே கிடையாது. பயன்பாட்டை முன்கூட்டியே பண அலகில் எழுதிவிடுவதால், கெழுவே கொடுக்க முன்வரும் விலையாக வெளியே வருகிறது. பொருளாதார ஆய்வாளர்கள் கென்னத் டிரெய்னும் மெல்வின் வீக்ஸும் 2005இல் இரண்டையும் ஒப்பிட்டார்கள். தரவோடு பொருந்துவதில் விருப்ப வடிவம் சற்று முந்தியது. நம்பக்கூடிய விலைப் பரவலைத் தந்தது விலை வடிவம். பொருத்தம் கொஞ்சம் குறைந்தாலும் யாரும் கொடுக்கவே முடியாத விலைகளை மாதிரி உளறாமல் இருப்பது மேல் என்பதே இந்த மதிப்பாய்வின் பக்கச்சார்பு.

பயன்படுத்தும் முறைக்கு வருவோம். தரவு நீள வடிவில் இருக்க வேண்டும்: ஒரு கேள்வியில் 3 பொருள்கள் காட்டினால் அந்தக் கேள்விக்கு 3 வரிகள். எடுத்த பொருளுக்கு 1, மற்றவற்றுக்கு 0. கேள்வி எண்ணுக்கு ஒரு தூண் (அட்டவணையின் நெடுவரிசை), ஆள் எண்ணுக்கு ஒரு தூண். பிறகு ஒரே கட்டளையில் தரவு, தேர்வுத் தூண், கேள்வி எண் தூண், பண்புகளின் பெயர்கள் ஆகியவற்றைக் கொடுத்தால் விருப்ப வடிவ மாதிரி ஓடிவிடும். விலைத் தூணைப் பண்புகளின் பட்டியலிலிருந்து எடுத்து ஸ்கேல்பார் என்ற இடத்தில் வைத்தால் அதே மாதிரி விலை வடிவத்துக்கு மாறிவிடும். இவ்வளவுதான். இன்னொரு ஆர் பேக்கேஜான அப்போலோவில் இதே வேலைக்குப் பயன்பாட்டுச் சார்பை வரி வரியாக நீங்களே எழுத வேண்டும்.

புதிதாக வருபவர் சறுக்கும் இடங்கள் பெரும்பாலும் தரவில்தான். முதலாவது கேள்வி எண். ஒவ்வொருவருக்கும் 8 கேள்விகள் என்றால் பலர் ஆளுக்கு ஆள் 1 முதல் 8 வரை திரும்பத் திரும்ப எண் இடுவார்கள். இந்தத் தூண் தரவு முழுக்க ஒருமுறைக்கு மேல் வராத எண்ணாக இருக்க வேண்டும்: முதல் ஆளுக்கு 1–8, அடுத்தவருக்கு 9–16. இரண்டாவது, வகைப் பண்புகள். பிராண்டை 1, 2, 3, 4 என்று எண்ணாகக் கொடுத்தால், நான்காவது பிராண்டு முதல் பிராண்டைவிட மூன்று படி உயர்ந்தது என்று மாதிரி எடுத்துக்கொள்ளும். பிழைச் செய்தி எதுவும் வராது. எழுத்தாகக் கொடுத்தால் தானே பிரித்து, முதல் வகையை அடிப்படையாக வைத்துக்கொள்ளும். மூன்றாவது, 'எதுவும் வேண்டாம்' என்ற தேர்வு. அதற்குத் தனியாக 0/1 தூண் ஒன்று போட்டு, அந்த வரியின் மற்றப் பண்புகள் அனைத்தையும் 0 ஆக்க வேண்டும். எழுத்துத் தூண்களை அப்படியே விட்டால் 'வேண்டாம்' என்பது ஒரு புதிய பிராண்டாக உள்ளே நுழைந்து கணக்கைக் கலைத்துவிடும். இப்படி ஒரு தேர்வு இருந்தால் வகைகளை நாமே 0/1 ஆகப் பிரித்து வைப்பதே பாதுகாப்பு.

மிக்ஸ்டு லாஜிட்டில் ஆள் எண் தூணை பேனல்ஐடி என்ற இடத்தில் கொடுக்க மறந்தாலும் மாதிரி ஓடும். ஆனால் ஒருவர் சொன்ன 8 பதில்களை 8 தனித்தனி ஆட்கள் சொன்னதாக எண்ணும். ஆட்களுக்கிடையே உள்ள வேறுபாட்டை அளக்கத்தான் இந்த மாதிரிக்கே வந்தோம், அதுவே பிசகிவிடும்.

இனி விலை வடிவத்துக்கே உரிய தலைவலி. பயன்பாட்டில் அளவுகோல் எண்ணும் (ஸ்கேல்பார் தூணுக்குக் கிடைக்கும் கெழு), கொடுக்க முன்வரும் விலைகளாக வரும் மற்றக் கெழுக்களும் ஒன்றையொன்று பெருக்கி நிற்பதால், தேடல் எங்கே தொடங்குகிறதோ அதைப் பொறுத்து வேறு வேறு உச்சியில் போய் நிற்கலாம். ஆகவே நம்மல்டிஸ்டார்ட்ஸ் என்ற தொடக்கங்களின் எண்ணிக்கையை 1இல் விடக்கூடாது. எளிய மாதிரிக்கு 10, மிக்ஸ்டு மாதிரிக்கு 30க்குக் குறையாமல் வையுங்கள். பல தொடக்கங்களில் கிடைத்த சிறந்ததைக் கருவியே தேர்ந்து தரும். ஆனாலும் சுருக்க அட்டவணையில் ஒவ்வோர் ஓட்டத்தின் லாக்-லைக்லிஹுட் எண்ணையும் (மாதிரி தரவோடு எவ்வளவு பொருந்துகிறது என்ற அளவு) கண்ணால் பாருங்கள். ஒரே உச்சிக்குப் பல ஓட்டங்கள் வந்து சேர்ந்திருந்தால் நம்பலாம். ஒன்றே ஒன்று மட்டும் தனியாக உயரத்தில் நின்றால் தொடக்கங்களைக் கூட்டி மறுபடி ஓட்டுங்கள். தேடல் நின்ற காரணத்தைச் சொல்லும் குறியீடு 3 என்றால் மதிப்பு மாறாமல் நிலைத்து நின்றது. 5 என்றால் அனுமதித்த சுற்றுகள் தீர்ந்து நின்றது, அதாவது வேலை முடியவில்லை. விதை எண்ணை (தற்செயல் எண்களின் தொடக்கப் புள்ளி) முதலிலேயே நிர்ணயித்துவிட்டால்தான் நாளைக்கும் இதே விடை வரும்.

விலையை ஆயிரம் அலகில் எழுதுவது நல்லது. 42,000 என்பதற்குப் பதில் 42. எல்லாப் பண்புகளும் ஏறத்தாழ ஒரே அளவு எண்களாக இருந்தால் தேடல் தடுமாறாது. விருப்ப வடிவம், விலை வடிவம் இரண்டையும் ஓட்டி, டபிள்யூடிபிகம்பேர் என்ற கட்டளையால் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். எளிய மாதிரியில் இரண்டும் ஒன்றாகவே வர வேண்டும். வரவில்லை என்றால் விலை வடிவத் தேடல் தவறான இடத்தில் நின்றுவிட்டது. இந்தக் கட்டளை ஒன்றுக்காகவே கருவிக்கு ஒரு நட்சத்திரம் கூடப் போடலாம்.

மிக்ஸ்டு மாதிரிக்கான சிமுலேஷன் குலுக்கல்கள் (கெழுக்களின் பரவலிலிருந்து எடுத்துப் பார்க்கும் எண்கள்) நாம் மாற்றாவிட்டால் 50தான். சோதித்துப் பார்க்க அது போதும், அறிக்கையில் போடப் போதாது. 500, 1000, 2000 என்று ஏற்றிப் பாருங்கள். கெழுவும் திட்டவிலக்கமும் அசையாமல் நிற்கும் இடத்தில் நிறுத்துங்கள். ஆளுக்கு ஆள் விருப்பம் மாறும் பண்புகள் ஐந்துக்கு மேல் போனால், குலுக்கல் எண்களை ஹால்டன் வகையில் எடுப்பதை விட்டு சோபோல் வகைக்கு மாறுங்கள். வேகத்தில் குறை சொல்வதற்கில்லை. ஒரே மாதிரிக்கு மற்ற ஆர் பேக்கேஜ்களோடு ஒப்பிட்ட சோதனைகளில் இது முன்னணியில் இருக்கிறது.

இதுவரை கருவி. சிக்கனத்தை அளக்கும்போது கருவியைவிடக் கேள்வித்தாளே பெரிய வில்லன். லாஜிட்ஆர் அங்கே எந்த எச்சரிக்கையும் தராது.

அளவீட்டு அலகை எடுத்துக்கொள்வோம். வாகனத்தின் சிக்கனத்தை லிட்டருக்கு இத்தனை கிலோமீட்டர் என்று தூணில் போட்டால், 10இலிருந்து 20க்குப் போவதைவிட 20இலிருந்து 40க்குப் போவது இரு மடங்கு மதிப்புள்ளது என்று நேர்கோட்டு மாதிரி எண்ணிக்கொள்ளும். நிஜத்தில் 1,000 கிலோமீட்டருக்கு முதல் மாற்றம் 50 லிட்டரை மிச்சம் பிடிக்கும். இரண்டாவது 25 லிட்டரைத்தான். ரிச்சர்ட் லாரிக், ஜாக் சோல் என்ற ஆய்வாளர்கள் 2008இல் காட்டியதும் இதுதான்: மக்களே இந்த அலகால் ஏமாறுகிறார்கள். ஆகவே கேள்வித்தாளில் 100 கிலோமீட்டருக்கு இத்தனை லிட்டர் என்றோ, ஆண்டுக்கு இவ்வளவு செலவு என்றோ காட்டி, தரவிலும் அப்படியே போடுங்கள். கருவியோடு வரும் மாதிரித் தரவுகளில், அமெரிக்காவிலும் சீனாவிலும் கார் வாங்குவோரிடம் எடுத்த தேர்வுச் சோதனை ஒன்று இருக்கிறது. அதில் இயக்கச் செலவு ஒரு தனித் தூண். பழகிப் பார்க்க, கூடவே வரும், தயிர் வாங்குவோரின் தரவைவிட இது நம் வேலைக்கு நெருக்கமானது.

அடுத்தது, மின் சிக்கனத்துக்கான நட்சத்திரக் குறியையும் ஆண்டுச் செலவையும் ஒரே அட்டையில் காட்டுவது. நட்சத்திரம் ஏறினால் செலவு இறங்கும். இரண்டும் சேர்ந்தே நகர்ந்தால் எந்தக் கெழு எதற்கு என்று பிரிக்க முடியாது, திட்டப்பிழைகள் (கெழு எவ்வளவு நிச்சயமற்றது என்ற அளவு) ஊதிப் பெருகும். நட்சத்திரத்தை மட்டும் காட்டினாலோ, கிடைக்கும் விலை சிக்கனத்துக்கானதா, குறி தரும் கௌரவத்துக்கானதா என்றே தெரியாது. மிச்சமாகும் பணத்தின் மதிப்புதான் வேண்டும் என்றால், ஆண்டு இயக்கச் செலவைப் பண அலகில் தனிப் பண்பாக வைத்து, அதை விலையோடு சேர்ந்து நகராதபடி வடிவமைக்க வேண்டும். விலைக்கு 5 நிலைகள், இயக்கச் செலவுக்கு 4 நிலைகள் போதும்.

எத்தனை பேர் தேவை? பொதுவாகக் கையாளும் விதி: 500ஐ, அதிக நிலைகள் உள்ள பண்பின் நிலை எண்ணிக்கையால் பெருக்கி, கேள்விகள் பெருக்கல் பொருள்கள் என்ற எண்ணால் வகுப்பது. 5 நிலைகள், 8 கேள்விகள், 3 பொருள்கள் என்றால் 2,500ஐ 24ஆல் வகுத்து 105 பேர். விலையும் இயக்கச் செலவும் சேர்ந்து விளைவிப்பதையும் அளக்க வேண்டுமென்றால் 5க்குப் பதில் 5 பெருக்கல் 4, அதாவது 20. உடனே 417 பேர். இது தரை மட்டம்தான். மிக்ஸ்டு மாதிரிக்கும், வருமான வாரியாகப் பிரித்துப் பார்ப்பதற்கும் இதைவிட நிறையவே வேண்டும்.

இப்போது கிடைத்த எண்ணைப் படிக்கும் விதம். விலையும் ஆண்டு இயக்கச் செலவும் ஆயிரம் அலகில் இருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். விருப்ப வடிவத்தில் விலைக் கெழு −0.8, இயக்கச் செலவுக் கெழு −2.4 என்று வந்தால் விகிதம் 3, குறியை மாற்றினால் −3. விலை வடிவத்தில் நேராக −3 என்றே அச்சாகும். ஆண்டுக்கு 1 அலகு மிச்சம் என்றால், வாங்கும்போது 3 அலகு கூடுதலாகக் கொடுப்பார்கள் என்று பொருள். பொருள் 10 ஆண்டு உழைக்கும், வட்டி 7% என்று கணக்கிட்டால் அந்த மிச்சத்தின் இன்றைய மதிப்பு 7.02. கொடுப்பதோ 3தான். 10 ஆண்டுக்கு 3 என்ற விடை வர, மனதில் ஓடும் வட்டி ஏறத்தாழ 31% ஆக இருக்க வேண்டும். ஜெரி ஹாஸ்மன் 1979இல் குளிர்சாதன இயந்திரம் வாங்குவோரிடம் கண்டது சுமார் 20%. வருமானம் குறையக் குறைய அது ஏறியது.

இந்த 31%ஐப் பார்த்ததும் 'மக்கள் தொலைநோக்கு இல்லாதவர்கள்' என்று தலைப்பு போட்டுவிடுவது ஆய்வறிக்கைகளின் வழக்கமான அவசரம். வாங்குபவர் அந்தப் பொருளை 5 ஆண்டுதான் வைத்திருப்போம் என்று நினைத்தால், அதே 3க்கான வட்டி 20%க்கு இறங்கிவிடும். ஆகவே எத்தனை ஆண்டு வைத்திருப்பீர்கள் என்ற ஒற்றைக் கேள்வியைத் தேர்வுச் சோதனைக்கு முன்பே கேட்டுவிட வேண்டும். கார் சந்தையின் நிஜ விலைகளை வைத்து நடந்த ஆய்வுகளும் ஒரே குரலில் பேசவில்லை. ஆல்காட்டும் வோஸ்னியும் 2014இல், எரிபொருள் செலவில் 1 டாலர் மாற்றத்தை வாங்குபவர்கள் 76 சென்டாக மதிக்கிறார்கள் என்றார்கள். அதற்கு முந்தைய ஆண்டு பஸ்ஸே, நிட்டல், செட்டல்மேயர் மூவரும் அப்படிக் குறைத்து மதிப்பதற்குப் பெரிய சான்று இல்லை என்றார்கள்.

காசில்லாமையும் இந்த விகிதத்துக்குள் ஒளிந்திருக்கும். கென்யாவில் சிக்கனக் கரி அடுப்பை வைத்து பெர்கவரும் டீனும் நடத்திய ஆய்வு 2022இல் வெளிவந்தது. அடுப்பு மிச்சம் பிடிக்கும் தொகையோடு ஒப்பிட்டால் மக்கள் கொடுக்க முன்வந்தது சொற்பம். சேமிப்பைப் பற்றி யோசிக்க வைத்தும் அது அவ்வளவாக நகரவில்லை. கடன் கொடுத்ததும் இரட்டிப்பானது. அவர்கள் அளந்த முறை வேறு: ஆள் தன் உச்ச விலையைச் சொல்வார், பிறகு குலுக்கலில் ஒரு விலை வரும், அது அவர் சொன்னதற்கு மிகாமல் இருந்தால் அந்தக் குலுக்கல் விலையைக் கொடுத்து வாங்கியே ஆக வேண்டும். 1964இல் பெக்கர், டிகுரூட், மார்ஷக் வகுத்த முறை இது. கையிலிருந்து காசு போவதால் பொய் சொல்வதில் லாபமில்லை. தேர்வுச் சோதனையில் அந்தக் கடிவாளம் இல்லை. 28 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த மர்ஃபி குழுவினர் 2005இல், கற்பனை விலை நிஜ விலையைவிட இடைநிலை அளவில் 1.35 மடங்கு இருந்ததாகக் கண்டார்கள். உங்கள் தரவுக்கும் 1.35ஆல் வகுத்தால் சரியாகிவிடும் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்; ஆய்வுக்கு ஆய்வு அது வெகுவாக மாறும். முடிந்தால் பங்கேற்பாளர்களில் ஒரு சிறு பகுதியினரிடமாவது நிஜப் பணம் வைத்துக் கேட்டுப் பாருங்கள்.

அட்டையில் எழுதிய சேமிப்பைப் பதிலளிப்பவர் நம்பாமலும் இருக்கலாம். அந்த அவநம்பிக்கை எப்போதும் மடமையல்ல. ஃபௌலி, கிரீன்ஸ்டோன், வொல்ஃப்ராம் மூவரும் மிச்சிகனில் வீடுகளுக்கு வெப்பக் காப்பு செய்யும் திட்டத்தை ஆராய்ந்தபோது, பொறியியல் கணிப்பு சொன்ன சேமிப்பு நிஜச் சேமிப்பைப் போல மூன்று மடங்குக்கும் மேலாக இருந்தது.

ஒரு நுணுக்கம். இயக்கச் செலவைக் குறைப்பதை யாரும் வெறுக்க மாட்டார்கள் என்று கருதி அதற்கு லாக்நார்மல் பரவல் கொடுக்க விரும்பினால், தூணின் குறியை மாற்றிக் கொடுங்கள். லாக்நார்மல் நேர் எண்களை மட்டுமே தரும். இயக்கச் செலவை அப்படியே விட்டால், செலவு கூடக் கூடப் பிடிக்கும் என்று கட்டாயப்படுத்தியதாகிவிடும். அதன்பின் மாதிரி ஓடும், ஆனால் கெழு பூஜ்யத்தை நோக்கி நசுங்கும். அந்த அறிகுறியைப் பார்த்தால் முதலில் குறியைச் சந்தேகியுங்கள். அச்சாகும் எண் லாக் அலகில் இருப்பதையும் மறந்துவிடக்கூடாது.

குறைகளும் உண்டு. மக்களைக் குழுக்களாகப் பிரித்து, 'விலையே கதி' என்பவர் இவ்வளவு பேர், சூழல் அக்கறையால் வாங்குபவர் இவ்வளவு பேர் என்று சொல்லும் லேட்டன்ட் கிளாஸ் மாதிரி இதில் இல்லை. ஒத்த பொருள்களைக் கூட்டம் கூட்டமாகச் சேர்த்துப் பார்க்கும் நெஸ்டட் லாஜிட் இல்லை. மனப்பான்மைக் கேள்விகளைத் தேர்வோடு இணைக்கும் கலப்பு மாதிரிகளும் இல்லை. அவை வேண்டுமென்றால் இங்கிலாந்தின் லீட்ஸ் பல்கலைக்கழகத்தில் ஹெஸ்ஸும் பால்மாவும் உருவாக்கிய அப்போலோவுக்குப் போக வேண்டும். பைத்தானில் பழகியவருக்கு மிஷேல் பியர்லேர் எழுதிய பயோஜீம் இருக்கிறது. இரண்டும் இலவசம், இரண்டும் கற்க நேரம் பிடிக்கும். கேள்வித்தாளை வடிவமைக்கும் வசதியும் லாஜிட்ஆரில் இல்லை. அதே ஆசிரியரின் சிபிசிடூல்ஸ் என்ற தனி பேக்கேஜ் அதற்கானது. மாதிரி தயாரானபின் புதிய பொருள்களின் சந்தைப் பங்கைக் கணிக்கும் பிரெடிக்ட் கட்டளை மட்டும் உள்ளேயே இருக்கிறது, நன்றாகவும் வேலை செய்கிறது.

இணையத்தில் கிடைக்கும் பழைய செயல்விளக்கங்களில் மாடல்ஸ்பேஸ், பிரைஸ் என்ற பழைய இடங்கள் இருக்கும். அவற்றை அப்படியே நகலெடுக்காமல், விலைத் தூணை ஸ்கேல்பாரில் வையுங்கள். ஆய்வு முடியும்வரை பேக்கேஜின் பதிப்பு எண்ணைக் குறித்து வைத்து அதே பதிப்பில் ஓட்டினால், இறுதி அறிக்கைக்கு முன்பு அட்டவணைகளைத் திரும்ப எடுக்கும்போது கட்டளைகள் முரண்டு பிடிக்காது.